பையனுக்கும் தெரு நாய்க்கும் சிவப்புப் பந்து தெரியவில்லை. கண்ணில் என்ன நடக்கிறது?

பெரம்பூர்க்காரன் | சனி, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு எட்டு வயது. போன வாரம் பள்ளியிலிருந்து ஓவிய நோட்டைக் கொண்டு வந்தான். மாமரம் வரைந்திருக்கிறான், இலை முழுக்கப் பழுப்பு. ஓரத்தில் "கவனம் இல்லை" என்று மிஸ் எழுதியிருந்தார். ஏன்டா என்று கேட்டால், "கிரேயான் பேப்பர் எல்லாம் கிழிஞ்சு போச்சுப்பா" என்கிறான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மடியில் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்ட பிறகுதான் சொன்னான். இத்தனை நாளும் அவன் நிறத்தைப் பார்த்து கிரேயான் எடுக்கவே இல்லை. மேலே சுற்றியிருக்கும் தாளில் எழுதிய பெயரைப் படித்து எடுத்திருக்கிறான். எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறான். தாள் கிழிந்த அன்றைக்கு மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் தெரு நாய் மணியும் பின்னாலேயே வந்தது. சிவப்புப் பந்தைப் புல்லில் வீசினேன். மணி மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. பந்து மூன்றடி தூரத்தில் கிடக்கிறது, என் பையன் அதைத் தாண்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம் நீலப் பந்தை வீசினேன். இரண்டு பேரும் நேராக ஓடினார்கள். அந்த நிமிஷம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இது நிறக்குருடா? நாய் பார்க்கிற மாதிரிதான் என் பையனும் பார்க்கிறானா? வளர வளரச் சரியாகுமா? வீட்டில் என் அம்மா "நம்ம பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல" என்கிறார். என் மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நுங்கம்பாக்கம் நாகா | சனி, இரவு 9.58

நாய்க்குக் கறுப்பு வெள்ளைதானே தெரியும்? சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். பையனுக்கு நீலம் தெரிகிறது என்கிறீர்கள், அப்படியானால் இரண்டும் வேறு இல்லையா?

விழித்திரை | சனி, இரவு 11.15

அண்ணா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பதினான்கு வருஷமாகக் கண் பரிசோதனைதான் வேலை. நேரில் பார்க்காமல் இதுதான் என்று முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் சிவப்பு–பச்சை நிறக்குறைபாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

முதலில் நாகா சொன்னதைப் பார்ப்போம். நாய்க்குக் கறுப்பு வெள்ளை மட்டும் என்பது தவறு. நம் கண்ணின் உட்புறம் பின்பக்கத்தில் ஒளியை உணரும் விழித்திரை என்ற படலத்தில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. பகலில் நிறமும் நுணுக்கமும் பார்க்கும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். இந்தக் கூம்பில் நமக்கு மூன்று ரகம் உண்டு. ஒன்று நீலப் பக்கம், ஒன்று பச்சைப் பக்கம், ஒன்று சிவப்புப் பக்கம் கூர்மையாக இருக்கும். மூன்றிலிருந்தும் வரும் செய்தியை மூளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நிறம். நாய்க்கு இரண்டு ரகம்தான். அதனால் நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி மங்கிய மஞ்சள், பழுப்பாகத் தெரியும். பச்சைப் புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து மணியின் கண்ணுக்குப் புல்லோடு புல்.

உங்கள் பையனுக்கும் நிற விஷயத்தில் ஏறக்குறைய அதே நிலை இருக்கலாம். அதற்காக நாயின் பார்வையும் அவன் பார்வையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். நாம் 75 அடியில் நின்று படிக்கும் எழுத்தை நாய் 20 அடிக்கு வந்தால்தான் பிரித்துப் பார்க்கும். உங்கள் பையன் கரும்பலகையில் இருக்கும் சின்ன எழுத்தைக் கடைசி பெஞ்சிலிருந்து படிக்கிறானா? படித்தால் அவன் கூர்மைக்கு ஒரு குறையும் இல்லை. குறைவது நிறத்தில் சில சாயல்கள் மட்டும்தான். வளர்ந்தால் மாறாது, அதே சமயம் மோசமாகவும் ஆகாது. பிறவியில் எப்படியோ கடைசி வரை அப்படியே.

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கே போங்கள். 1819-ல் தொடங்கியது, உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. புள்ளி புள்ளியாக வட்டங்கள், நடுவில் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டுவார்கள். ஜப்பானில் இஷிஹாரா என்ற மருத்துவர் 1917-ல் வெளியிட்டது. ஐந்து நிமிஷ வேலை, ஊசி மருந்து எதுவும் கிடையாது. பையனிடம் "இது பரீட்சை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயத்தில் யூகித்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

மயிலை மீனா | ஞாயிறு, காலை 6.30

தம்பி, மனசை விட்டுடாதீங்க. பையனுக்குத் தினம் பொன்னாங்கண்ணிக் கீரை கொடுங்க, பப்பாளி கொடுங்க. எங்க பாட்டிக்கு மாலைக்கண் வந்து, பொழுது சாய்ஞ்சா சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க. கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துக் கொடுத்துச் சரியாச்சு. கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.

விழித்திரை | ஞாயிறு, காலை 8.05

அம்மா, உங்கள் பாட்டிக்குக் குணமானது முழுக்க உண்மை. குச்சிச் செல்லில் வெளிச்சத்தைப் பிடிக்கும் பொருள் வைட்டமின் ஏ-யிலிருந்துதான் உருவாகிறது. அது உடம்பில் தீர்ந்தால் முதலில் இருட்டுப் பார்வை போகும், திரும்பக் கொடுத்தால் திரும்பி வரும். நம் நாட்டில் 1970-லிருந்தே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்து வருகிறார்கள். கவனிக்காமல் விட்டால் கருவிழியே வெந்தது போலாகிக் குருடாகிவிடும்.

ஆனால் இந்தப் பையனுக்கு இருப்பது சத்துக்குறைவு இல்லை. ஒரு ரகக் கூம்பு பிறக்கும்போதே வேறு மாதிரி அமைந்துவிட்டது. கீரை நல்லது, தாராளமாகக் கொடுங்கள். அதனால் நிறம் வரவில்லையே என்று ஆறு மாதம் கழித்துப் பையன்மேல் வருத்தப்படாதீர்கள். இணையத்தில் விற்கும் நிறக்கண்ணாடிக்கும் இதே பதில்தான். சில ஒளியை வடிகட்டி வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும், இல்லாத கூம்பை உண்டாக்காது. அந்தக் காசை வைத்திருங்கள்.

தரமணி மாணவன் | ஞாயிறு, காலை 10.20

மணி மட்டும் இல்லை அண்ணா, பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு கூம்புக் கூட்டம்தான். நான் படிக்கும் வளாகத்தில் புள்ளிமான்கள் திரியும். கிண்டிக் காட்டோடு ஒட்டிய இடம். மானுக்கும் சிவப்பு–பச்சை பிரியாது. வண்டலூரில் புலியைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். இவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தோடு காட்டில் எப்படி ஒளிந்துகொள்ளும்? நமக்குத்தான் அது ஆரஞ்சு. மானின் கண்ணுக்குப் புலி புதரின் பச்சையிலேயே கரைந்துவிடும். பச்சை ரோமம் உண்டாக்கப் பாலூட்டிகளின் உடம்பில் நிறமி கிடையாது. ஆரஞ்சே மானுக்குப் பச்சையாகத் தெரிந்தால் புலிக்கு அதுவே போதும்.

மானின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் விடுதிக்குப் பின்னால் குட்டி ஒன்று மூன்று முழ தூரத்தில் நின்று என்னையே பார்த்தது. கண் பாப்பா, அதாவது கண்ணின் நடுவில் வெளிச்சம் நுழையும் கறுப்புத் துளை, நம்மைப் போல வட்டமாக இல்லை. படுக்கவைத்த கோடு மாதிரி நீளமாக இருந்தது. தலையைக் குனிந்து மேய்ந்தாலும் அந்தக் கோடு தரைக்கு இணையாகவே நிற்கும்படி கண் உள்ளுக்குள் சுழலும். ஆட்டுக்கும் இப்படித்தான். மேய்ந்துகொண்டே அடிவானம் முழுக்கக் காவல் காக்கும் ஏற்பாடு இது.

பெரம்பூர்க்காரன் | ஞாயிறு, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன், புலி விஷயத்தைப் பையன் நான்கு தடவை சொல்லச் சொன்னான்.

நாளைக்கு எழும்பூர் போகிறோம். இரண்டு கேள்வி. மான், நாய் எல்லாம் இரண்டு என்றால் மனிதனுக்கு மட்டும் மூன்றாவது எங்கிருந்து வந்தது? இது யார் வழியாக வருகிறது? வீட்டில் பேச்சு அங்கேயேதான் நிற்கிறது. அப்புறம், நேற்று இரவு ஃபிளாஷ் போட்டு மணியைப் படம் எடுத்தேன். கண் இரண்டும் பச்சை பல்பு மாதிரி எரிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

விழித்திரை | ஞாயிறு, இரவு 10.50

மணியின் கண் எரிகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாய், பூனை, மாடு, மான் இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல மினுங்கும் ஒரு படலம் உண்டு. முதல் தடவை பிடிபடாமல் தாண்டிய வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும், குச்சிச் செல்லுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். இருட்டில் நடமாட அது பெரிய உதவி. நமக்கு அந்தப் படலம் இல்லை. ஃபிளாஷில் நம் கண் சிவப்பாகத் தெரிவது உள்ளே இருக்கும் ரத்த ஓட்டத்தின் நிறம்.

பேச்சு இங்கே வந்ததால் பெற்றோர் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். குழந்தையின் படத்தில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாகத் திரும்பத் திரும்பத் தெரிந்தால், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். சீக்கிரம் வந்தால் உயிரையும் காப்பாற்றலாம், பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். கோயிலில் எடுத்த போட்டோவில் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வந்ததால்தான் அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இப்போது மூன்றாவது கூம்பு. பறவைகளுக்கு நான்கு ரகம் உண்டு, நாம் பார்க்க முடியாத புற ஊதாப் பக்கமும் பலவற்றுக்குத் தெரியும். பாலூட்டிகளின் மூதாதைகள் டைனோசர் காலத்தில் ராத்திரியில் மட்டும் வெளியே வந்து பிழைத்தவை. இருட்டில் நிறத்துக்கு வேலையில்லை. நான்கில் இரண்டு கழன்றுபோயின. அப்புறம் பல கோடி வருஷம் கழித்து, நம் பக்கத்துக் குரங்குகளின் முன்னோரில் ஒரு கூம்பின் மரபணு தவறுதலாக இரண்டு பிரதியாகிவிட்டது. ஒன்று பச்சைப் பக்கம் நின்றது, மற்றது சிவப்புப் பக்கம் நகர்ந்தது. பச்சை இலைக்கு நடுவே பழுத்த பழமும் இளஞ்சிவப்புத் தளிரும் கண்ணுக்குப் பட ஆரம்பித்தன. நம் ஊர்க் குரங்குக்கும் நமக்கும் இருப்பது அந்தச் சொத்துதான்.

அந்தப் பிரதியெடுப்பில்தான் சிக்கலும் இருக்கிறது. இரண்டு மரபணுவும், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சாயல். தாயின் உடம்பில் கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சாயல் ஒன்றாக இருப்பதால் சில சமயம் தப்பான இடத்தில் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று காணாமல் போகும், அல்லது இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். மனித குலத்தில் எங்கேயோ எப்போதோ நடந்தது, தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அது தாயிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வருகிறது. நம் ஊர்க் கணக்குகளில் இதைவிடக் குறைவு. உங்கள் மனைவிக்குத் தெரியாமலே அவரிடம் இருந்திருக்கும். அவருக்கு அது அவர் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். இதில் யார்மேல் என்ன தப்பு சொல்ல முடியும்? உங்கள் அம்மாவிடம் இதை நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். மருமகள் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

பேசின்பிரிட்ஜ் ராமு | திங்கள், காலை 7.10

நான் ரிட்டயர்டு லோகோ பைலட். முப்பத்தாறு வருஷம் வண்டி ஓட்டினேன். ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடறேன், ரயில் ஓட்டற கனவு பையனுக்கு இருந்தா இப்பவே மெதுவா வேற பக்கம் திருப்புங்க. எங்களுக்கு அந்தப் புள்ளிப் புத்தகமும் உண்டு, இருட்டு ரூமில லாந்தர் டெஸ்ட்டும் உண்டு. சின்ன ஓட்டையில கலர் கலரா வெளிச்சம் வரும், டக்குனு சொல்லணும்.

ரோட்டுல சிவப்பு மேல, பச்சை கீழ. கலர் தெரியாதவங்களும் இடத்தை வச்சுப் புரிஞ்சுக்கலாம். எங்க சிக்னல்ல சிவப்புதான் அடியில, டிரைவர் கண்ணுக்கு நேரா. ஆனா ராத்திரி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால இருந்து பார்த்தா மேல கீழ எதுவும் தெரியாது. இருட்டுல ஒரே ஒரு பொட்டு. அந்தப் பொட்டு என்ன கலர்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பேர் ஊர் போய்ச் சேருவாங்க. 1875-ல ஸ்வீடன்ல ரெண்டு வண்டி மோதினதுக்கு அப்புறம், ஹோம்கிரென்னு ஒருத்தர் கலர் கம்பளி நூல்கட்டைக் கொடுத்து ரயில்காரங்களைப் பிரிக்கச் சொன்னாராம். ட்ரெயினிங்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கதை.

என்கூட வேலைக்கு எழுதின ஒரு பையன், எழுத்துப் பரீட்சையில முதல் ஆளு, லாந்தர் ரூம்ல போய் உடைஞ்சு போனான். இருபத்திரண்டு வயசுலதான் அவனுக்கே தெரிஞ்சுது. வெளியே வந்து திண்ணையில உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. உங்க பையனுக்கு எட்டு வயசுல தெரிஞ்சுடுச்சு. அது பெரிய விஷயம்.

வேளச்சேரி வினோத் | திங்கள், மதியம் 1.30

எனக்கும் இதே குறைபாடு. வயது 34, எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். ராமு சார் சொன்னது சரி, சில கதவு மூடியிருக்கும். ஆனால் மூடியிருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்ளும் கதவுகள்தான் அதிகம். 2023-ல் தமிழ்நாடு மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலை சம்பந்தமான வழக்கில், நிறக்குறைபாடு உள்ளவருக்கும் வேலை கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

வேலையில் நான் ஒயருக்கு நிறம் பார்ப்பதில்லை, இரு முனையிலும் எழுத்து போட்ட டேக் கட்டுவேன், மீட்டர் வைத்துப் பார்ப்பேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. தொந்தரவெல்லாம் வேறு இடத்தில். சார்ஜர் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதா தெரியாது. கறி வெந்ததா என்று நிறம் பார்த்துச் சொல்ல முடியாது, பிய்த்துப் பார்ப்பேன். தங்கை மருதாணிக் கையை நீட்டி "சிவந்திருக்கா?" என்று கேட்பாள், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன். மெட்ரோவில் நீலத் தடம், பச்சைத் தடம் குழப்பமே இல்லை. இரண்டாம் கட்டத்தில் வரும் ஊதாத் தடத்தை வரைபடத்தில் நீலத்திலிருந்து பிரிப்பதுதான் எனக்குப் பாடு. தடத்தின் பெயரைக் கோட்டின் மேலேயே எழுதிவிட்டால் எங்களைப் போன்ற எத்தனையோ பேருக்கு அது பெரிய உபகாரம்.

பையனுக்கு டால்டன் கதையைச் சொல்லுங்கள். அணுக்கொள்கை சொன்ன அதே டால்டன். தனக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை என்று 1794-ல் அவரே கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதால் அப்படி என்று நினைத்து, செத்த பிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 1844-ல் திறந்தார்கள், நீர் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்திய அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் மரபணு எடுத்துப் பார்த்ததில் பச்சைக் கூம்பு இல்லை என்று தெரிந்தது. எனக்கு என் ஏழாம் வகுப்பு சயின்ஸ் சார் இந்தக் கதையைச் சொன்னார். அன்றைக்குத்தான் வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விழித்திரை | திங்கள், மதியம் 2.05

வினோத் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு மலத்தில், சளியில் ரத்தம் கலந்து வருவது தெரியாமல் போகலாம். வயதான பிறகு இதனால் நோய் தள்ளிப்போய்த் தெரியவரலாம். வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

பெசன்ட் நகர் ஆமைநடை | திங்கள், இரவு 11.40

இழையின் நடுவே நுழைகிறேன், மன்னிக்கவும். பந்து கதையைப் படித்ததும் எங்கள் கடற்கரை ஞாபகம் வந்தது. ஜனவரியிலிருந்து, பங்குனி ஆமை என்று சொல்லும் கடலாமைகள் முட்டையிட வரும். 1988-ல் மாணவர்கள் தொடங்கிய குழு ஒன்று இன்றும் நீலாங்கரையிலிருந்து ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. நானும் போவேன்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குக் கடல் எது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகரும், அவ்வளவுதான். லட்சக்கணக்கான வருஷமாக அது கடல் பக்கமாகத்தான் இருந்தது. இப்போது ரோட்டு விளக்கு அதைவிடப் பிரகாசம். ஒருநாள் விடியற்காலையில் பார்த்தேன். நாங்கள் தவறவிட்ட ஒரு குழியிலிருந்து புறப்பட்ட தடங்கள், துடைப்பக்குச்சியால் கிழித்த மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை, எல்லாம் நடைபாதைப் பக்கம். கோட்டின் முடிவில் ஒரு குஞ்சு மட்டும் உயிரோடு இருந்தது. ஈர மணலில் விட்டேன், அலை வந்து எடுத்துப் போனது.

அதன் கண்ணை நீல, பச்சை ஒளி அதிகம் இழுக்கும், சிவப்பு குறைவாகத்தான் இழுக்கும். அதனால் வெள்ளை டார்ச் அடிக்க விடமாட்டோம். கடலோரம் வீடு இருப்பவர்கள் இந்த மாதங்களில் கடலைப் பார்த்த விளக்கை ராத்திரி அணைத்து வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பெரம்பூர் அண்ணா, குஞ்சு விடும் மாலையில் பையனைக் கூட்டி வாருங்கள்.

பெரம்பூர்க்காரன் | புதன், இரவு 9.15

போய்விட்டு வந்தோம். முதல் பக்கத்தில் இருந்த 12-ஐப் படித்தான், அது எல்லாருக்கும் தெரியுமாம். அதற்கப்புறம் பல பக்கங்களில் "ஒண்ணும் இல்ல" என்றான். எனக்கு எண் பளிச்சென்று தெரிகிறது, அவன் அதே தாளை உற்றுப் பார்க்கிறான். பச்சைக் கூம்பில் குறை, கூர்மை முழுசாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

துணைக்கு மாமனாரும் வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தவர், "எல்லாப் பக்கமும் ஒரே புள்ளியாத்தானே இருக்கு, இதுல என்ன நம்பர்?" என்று கேட்டார். என் மனைவி அப்படியே திரும்பி அவரைப் பார்த்தாள். அவருக்கு 71 வயது. மாமியார் இருந்தவரைக்கும் ஒரே புகார், தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாக வாங்கி வருவார் என்று. அவர் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாராம். கவனமே இல்லாத மனுஷன் என்றே வீட்டில் நாற்பது வருஷம் பேர் வாங்கியிருக்கிறார். அவரையும் பரிசோதித்தார்கள். பையனுக்கு இருப்பதே அவருக்கும்.

வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவிக்குக் காபி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார்.

இன்று சாயங்காலம் மிஸ்ஸைப் பார்த்துப் பேசினேன், உடனே புரிந்துகொண்டார், அவருக்கே வருத்தமாகிவிட்டது. இப்போது தாத்தாவும் பேரனும் கூடத்தில் கிரேயான்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். நான் நிறம் சொல்ல, பையன் சின்னத் தாளில் பெயர் எழுத, தாத்தா செலோடேப் போட்டு ஒட்டுகிறார். பன்னிரண்டு முடிந்தது, இன்னும் பாதி இருக்கிறது. ஆமைநடை தம்பி, குஞ்சு விடும் தேதி தெரிந்தால் இங்கேயே போடுங்கள். நான்கு பேர் வருவோம், தாத்தாவையும் சேர்த்து.